தான் நிற்பதை அறியாத கணினி

குமரி மாவட்டத்தில், மலை இறங்கி ரப்பர் தோட்டங்கள் தொடங்கும் இடத்தில், ஒரு மருத்துவமனை இருந்தது. நோயாளிகளைக் கவனிக்க அங்கே நிறைய டாக்டர்கள் இருந்தார்கள். கணினிகளைக் கவனிக்க ஹெப்சிபா ஒருவர்தான் இருந்தார்.

ஹெப்சிபாவுக்கு முப்பத்தாறு வயது. அவரிடம் வேலை கற்றுக்கொண்டிருந்த பூதலிங்கத்துக்கு ஐம்பத்திரண்டு. பூதலிங்கம் ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவர். கல்லூரியை இழுத்து மூடிவிட்டார்கள். மருத்துவமனையில் கணினிப் பிரிவுக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு வந்து சேர்ந்தார். தன்னைவிட இளையவரிடம் கற்றுக்கொள்வதில் அவருக்குக் கூச்சம் இல்லை. வீட்டில் பேசும்போது “என்னுடைய குரு” என்பார். நேரில் “மேடம்” என்பார். ஹெப்சிபா அவரை “சார்” என்பார்.

பூதலிங்கம் நிறையக் கேள்வி கேட்பார். ஹெப்சிபா குறைவாகப் பதில் சொல்வார்.

அந்த மருத்துவமனையின் கணினி அறையில் ஒரு பெரிய சர்வர் இருந்தது. அதற்குள் பதினான்கு கணினிகள் குடியிருந்தன. அவற்றுக்குத் தனி உடம்பு கிடையாது. சர்வரின் நினைவகத்தில் கொஞ்சம், கணக்குப் போடும் அதன் கோர்களில் சில என்று பங்கு வாங்கிக்கொண்டு, ஒவ்வொன்றும் தன்னைத் தனிக் கணினி என்று எண்ணி ஓடிக்கொண்டிருந்தது. மெய்நிகர் கணினி என்று சொல்வார்கள். ஒன்று ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு. ஒன்று மருந்தகத்துக்கு. ஒன்று சம்பளக் கணக்குக்கு. ஒன்று ஆம்புலன்ஸ் அறைக்கு.

சர்வர் பழசாகிவிட்டது. புதிது வந்தது. பழையதில் நாற்பது கோர்கள் இருந்தன. புதியதில் பதினாறுதான். ஆனால் ஒவ்வொன்றும் பழையதைப்போல மூன்று மடங்கு வேகம்.

மெய்நிகர் கணினிகளை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் வேலையை ஹெப்சிபா பூதலிங்கத்திடம் விட்டார். ஹெப்சிபாவின் அம்மாவுக்கு மதுரையில் கண் அறுவை சிகிச்சை. அவர் போயாக வேண்டும்.

“நானா தனியாவா?” என்று கேட்டார் பூதலிங்கம்.

“நீங்கதான்.”

ஞாயிற்றுக்கிழமை பூதலிங்கம் பதினான்கையும் நகர்த்தினார். ஒன்றுகூட அணையவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே இடம் மாறின. மருந்தகத்தில் ரசீது போட்டுக்கொண்டிருந்த பெண்ணுக்குத் தன் கணினி சுவரைத் தாண்டி வேறு சர்வருக்குப் போய்விட்டது என்பதுகூடத் தெரியாது. பூதலிங்கம் வீட்டுக்குப் போய் மனைவியிடம் அதை மூன்று முறை சொன்னார்.

திங்கட்கிழமை காலையில் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது.

முதலில் பேசியது ஆம்புலன்ஸ் அறையிலிருந்து லீமா. அழைப்புகளை எடுத்து வண்டிகளை அனுப்புவது அவள் வேலை.

“அண்ணா, ஸ்கிரீன் இழுக்குது. ஊர்ப்பேரைப் போட்டா வண்டி எங்க நிக்குதுன்னு வர ரொம்ப நேரம் ஆகுது.”

பூதலிங்கம் ஆம்புலன்ஸ் கணினிக்குள் நுழைந்து பார்த்தார். நான்கு கோர்கள் அதன் பங்கு. அதில் ஐந்தில் ஒரு பங்குகூட வேலை நடக்கவில்லை. நினைவகம் தாராளமாகக் கிடந்தது. வரைபடம் முழுக்கப் பச்சை.

“மெஷின் சும்மாதான் இருக்குது, லீமா. புதுசு, கொஞ்சம் பழகணும்.”

ஆனாலும் அவர் கைகட்டி உட்காரவில்லை. நான்கை எட்டாக்கினார். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் குறை சொன்னார்கள். அதற்கும் கூட்டிக் கொடுத்தார். மருந்தகத்தில் சொன்னார்கள். அதற்கும். மதியம் லீமா மறுபடி கூப்பிட்டாள்.

“அண்ணா, காலையிலயாவது பரவாயில்ல. இப்போ இன்னும் மோசம்.”

பூதலிங்கத்துக்கு எரிச்சல் வந்தது. கொடுத்த பிறகும் குறை சொல்கிறாளே. கல்லூரியிலும் இப்படிச் சில பிள்ளைகள் உண்டு. எதைச் செய்தாலும் போதாது. செவ்வாய்க்கிழமை அவர் யோசித்தார். மற்றவை எப்படியானாலும் இது உயிர்காக்கும் வேலை. ஆம்புலன்ஸ் கணினிக்குப் பதினாறு கொடுத்தார். சர்வரில் இருந்ததே பதினாறுதான். இதற்கு மேல் எவராலும் கொடுக்க முடியாது.

அதன்பிறகு லீமா கூப்பிட்டபோது அவர் இரண்டு முறை எடுக்கவில்லை.

புதன்கிழமை காலை ஹெப்சிபா மதுரையிலிருந்து நேராக மருத்துவமனைக்கு வந்தார். தோளில் பயணப் பை. பூதலிங்கம் வாசலிலேயே காத்திருந்தார்.

“மேடம், அம்மா எப்படி இருக்காங்க?”

“நல்லா இருக்காங்க, சார். இங்க?”

“நகர்த்தினதுல ஒரு குறையும் இல்ல. ஆனா எல்லாரும் மெதுவா இருக்கு, மெதுவா இருக்குங்கிறாங்க. நான் எல்லாத்தையும் பார்த்துட்டேன். மெஷின் சும்மா இருக்கு. பாருங்க.” கையில் இருந்த திரையைக் காட்டினார். “எல்லாமே பச்சை. இது மெதுவா இருக்குன்னு எதை வெச்சு சொல்றாங்க, மேடம்?”

ஹெப்சிபா திரையைப் பார்த்தார். பிறகு பையைக் கழற்றி வரவேற்பு மேசையில் வைத்தார்.

“வாங்க, சார்,” என்றார்.

கணினி அறைக்குப் போவார் என்று பூதலிங்கம் நினைத்தார். ஹெப்சிபா ஆம்புலன்ஸ் அறைக்குப் போனார். சிறிய அறை. மூன்று மேசைகள். சுவரில் மலைப்பாதைகளின் படம். லீமா மட்டும் இருந்தாள். பூதலிங்கத்தைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“லீமா, சாருக்கு அந்த இன்னொரு ஹெட்போனைக் குடு. அவர் கேக்கட்டும்.”

“எதுக்கு, மேடம்?” என்றார் பூதலிங்கம்.

“உக்காருங்க, சார்.”

அவர் உட்கார்ந்தார். காதில் மாட்டிக்கொண்டார். சற்று நேரம் ஒன்றும் இல்லை. பிறகு மணி அடித்தது.

“ஆம்புலன்ஸ், சொல்லுங்க,” என்றாள் லீமா.

“பாம்பு… எனக்க தங்கச்சிய பாம்பு கடிச்சிட்டு.” ஆண் குரல். ஓடி வந்து பேசும் மூச்சு. “ரப்பர் பால் வெட்டப் போன எடத்துல. கால்ல. நல்லபாம்புதான், நான் கண்டேன். சீக்கிரம் வண்டி வேணும்.”

“எந்த எடம், அண்ணா?”

“ஆலங்காட்டுத் தோட்டம். மேல் லயன் வீடு.”

லீமா தட்டினாள். திரையில் ஒரு வெள்ளை வட்டம் சுற்றத் தொடங்கியது.

“அவங்க பேசுறாங்களா? மூச்சு விடுறாங்களா?”

“பேசுறா. ஆனா கண்ணு சொருகுது. வண்டி வருதா?”

“பார்க்கேன், அண்ணா. லைன்ல இருங்க.”

வட்டம் சுற்றியது. பூதலிங்கம் வட்டத்தைப் பார்த்தார். அவர் காதுக்குள் அந்த மனிதன் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். பின்னால் ஒரு பெண்குரல் எதையோ முனகியது. யாரோ ஒரு கிழவர் ஜெபம் சொன்னார்.

“ஹலோ? இருக்கியளா?”

“இருக்கேன், அண்ணா. லைன்ல இருங்க.”

“எங்க இருந்து வருது வண்டி? எவ்வளவு நேரமாவும்? அதைச் சொல்லுங்க போதும்.”

“இப்ப சொல்லிடுவேன், அண்ணா. ஒரு நிமிஷம்.”

வட்டம் சுற்றியது. பூதலிங்கத்தின் கை தானாக நீண்டு திரையின் ஓரத்தைத் தட்டியது, பழைய வானொலிப் பெட்டியைத் தட்டுவதைப்போல. லீமா அவர் கையைத் தள்ளிவிட்டாள்.

“செலின்… செலினே, கண்ணைத் தொற. கண்ணைத் தொற மக்கா.” அந்த மனிதன் இப்போது தொலைபேசியில் பேசவில்லை. “வாயில நுரை வருது. ஹலோ! வண்டி உண்டுமா இல்லியா? இல்லேன்னா இல்லேன்னு சொல்லுங்க, நான் தூக்கிட்டு ஓடுவேன்!”

“உண்டு அண்ணா, லைன்ல—”

அழைப்பு அறுந்தது.

லீமா அந்த எண்ணைத் திரும்ப அழைத்தாள். அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். எடுக்கவில்லை.

அப்போது திரை வந்தது.

ஆலங்காட்டுத் தோட்டத்துக்கு மிக அருகில் இருந்த வண்டி குருசடி முக்கில் நின்றது. வெறுமையாக. ஓட்டுநர், செவிலி, ஆக்சிஜன் எல்லாம் தயாராக. அந்த முக்குக்கும், தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு வளைவுதான். அந்த மனிதன் வீட்டு வாசலில் நின்று கத்தியிருந்தால்கூட ஓட்டுநருக்குக் கேட்டிருக்கலாம்.

லீமா வண்டியை அனுப்பினாள்.  இரண்டு நாளாக இப்படித்தான் என்பதுபோல அவள் அடுத்த அழைப்புக்காக நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

 ஹெட்போன் இன்னும் பூதலிங்கத்தின் காதில் இருந்தது. அதில் ஒரு சத்தமும் இல்லை. அவர் அதைக் கழற்ற மறந்துவிட்டார். ஹெப்சிபாதான் கழற்றினார்.

சிறிது நேரத்தில் ஓட்டுநர் பேசினார். “வீட்டுல ஆளில்ல, லீமா. கதவு தொறந்து கெடக்கு. ஏதோ ஜீப்புல தூக்கிப் போட்டுட்டுப் போயிட்டாங்களாம். எந்தப் பக்கம்னு யாருக்கும் தெரியல.”

லீமா “சரி அண்ணா” என்றாள். பிறகு தலை குனிந்துகொண்டாள்.

பூதலிங்கம் ஹெப்சிபாவின் பின்னால் கணினி அறைக்கு ஏறக்குறைய ஓடினார்.

“மேடம், பழைய சர்வருக்கே எல்லாத்தையும் திருப்பிடலாம். இல்லேன்னா இன்னொரு சர்வர் கேக்கலாம். இதுல இதுக்கு மேல குடுக்க ஒண்ணும் இல்ல. இருக்கிற பதினாறையும் குடுத்துட்டேன்.”

ஹெப்சிபா அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். “ஆம்புலன்ஸுக்கா?”

“ஆமா.”

ஹெப்சிபா ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார்.  நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆம்புலன்ஸ் கணினிக்குள் அவர் நுழையவில்லை. அதற்கு வெளியே, சர்வரின் பக்கத்திலிருந்து பார்க்கும் திரையைத் திறந்தார். பூதலிங்கம் இதுவரை பார்த்திராத ஓர் எண்ணைத் தொட்டுக் காட்டினார்.

“இது என்னது, மேடம்?”

“வேலை செய்யத் தயாரா இருந்தும் கோர் கிடைக்காம அது நின்ன நேரம்.”

நூற்றுக்கு எழுபத்தொன்று.

பூதலிங்கம் அந்த எண்ணையே பார்த்தார். பத்து நொடியில் ஏழு நொடி. அந்தக் கணினி ஏழு நொடி எதுவும் செய்யாமல் நின்று, மூன்று நொடி ஓடி, மறுபடி நின்றிருக்கிறது. இரண்டு நாளாக.

“நான் உள்ள போய்ப் பார்த்தேனே. சும்மா இருக்குன்னுதானே சொல்லிச்சு?”

 ஹெப்சிபா சம்பளக் கணக்குக் கணினியை அணைத்தார். அறிக்கைகள் தயாரிக்கும் கணினியை அணைத்தார். பிறகு லீமாவைத் தொலைபேசியில் அழைத்தார்.

“லீமா, ரெண்டு நிமிஷம் உன் ஸ்கிரீன் இருக்காது. டிரைவர்கள்கிட்ட செல்போன்ல பேசிக்க. ரெடியா?”

“ரெடி, அக்கா.”

ஹெப்சிபா ஆம்புலன்ஸ் கணினியை நிறுத்தினார். அதன் பங்கு எழுதியிருந்த கட்டத்துக்குப் போனார். பதினாறை அழித்தார். அந்த இடத்தில் இரண்டு என்று போட்டார்.

பூதலிங்கம் பதறிப்போய் அவர் மேசைமேல் கை வைத்தார்.

“மேடம்! என்ன செய்றீங்க? ரெண்டா? பதினாறு குடுத்தே அது இழுக்குது! அந்தப் பொண்ணு வாயில நுரை தள்ளினதை நான் என் காதால கேட்டேன். இதுல போய்ப் பிடுங்குறீங்களே!”

“கையை எடுங்க, சார்.”

“மேடம், தயவு செஞ்சு…”

“கையை எடுங்க.”

அவர் எடுத்தார். ஹெப்சிபா கணினியை ஓட விட்டார். பூதலிங்கம் சுவரில் சாய்ந்து நின்றார். இனி நடக்கப்போவதைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. குரு என்று நம்பிய ஒருவர் பயணக் களைப்பில் தன் கண்ணெதிரே பைத்தியக்காரத்தனம் செய்துவிட்டதாகவே நினைத்தார்.

தொலைபேசி அடித்தது. ஹெப்சிபா அதைச் சத்தமாக ஒலிக்க விட்டார்.

“அக்கா!” லீமாவின் குரல் உடைந்திருந்தது. “அக்கா, வந்துட்டு. தட்டினதும் வந்துட்டு. விரலை எடுக்கறதுக்கு முன்னாடி வந்துட்டு!”

பூதலிங்கம் நம்பவில்லை. ஆம்புலன்ஸ் அறைக்கே போனார். லீமா ஒரு ஊர்ப்பெயரைத் தட்டிக் காட்டினாள். வந்தது. இன்னொன்று. வந்தது. அவர் தானே தட்டினார். ஆலங்காட்டுத் தோட்டம். மேல் லயன். கண்சிமிட்டும் நேரத்தில் குருசடி முக்கு வந்து நின்றது.

அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

திரும்பி வந்தபோது ஹெப்சிபா மற்றக் கணினிகளையும் ஒவ்வொன்றாகக் குறைத்து முடித்திருந்தார்.

“எப்படி, மேடம்?” என்றார் பூதலிங்கம். “எடுத்தா எப்படி வேகம் வரும்? எனக்குப் புரியல. ஒண்ணுமே புரியல.”

“டீ குடிக்கலாம், வாங்க.”

கேன்டீன் மேல்மாடியில். இருவரும் லிஃப்ட் வாசலில் நின்றார்கள். பார்வை நேரம் அது. பிறந்த குழந்தையைப் பார்க்க ஒரு பெரிய குடும்பம் வந்து நின்றது. தாத்தா, மாமியார், சித்திகள், பலூன் பிடித்த சிறுவர்கள், பெரிய எவர்சில்வர் தூக்குப்பாத்திரத்தோடு ஒருவர்.

லிஃப்ட் திறந்தது. உள்ளே நான்கைந்து பேருக்கு இடம் இருந்தது.

“கொஞ்சம் பேர் முன்னாடி போங்களேன்,” என்றார் லிஃப்ட் இயக்குபவர்.

“இல்ல, எல்லாரும் ஒண்ணாத்தான் போவோம்,” என்றார் தாத்தா.

கதவு மூடியது. லிஃப்ட் போய் வந்தது. மறுபடி நான்கைந்து பேருக்கு இடம். குடும்பம் அசையவில்லை. ஒரு செவிலி வந்தார். கையில் ஊசித் தட்டு. குடும்பத்தைச் சுற்றிக்கொண்டு உள்ளே ஏறினார். போய்விட்டார். இன்னொருவர் வந்தார். ஏறினார். போனார். இப்போது குடும்பத்தோடு இன்னும் இரண்டு அத்தைகள் வாசலிலிருந்து வந்து சேர்ந்துகொண்டார்கள். “நல்லவேளை, நீங்க இன்னும் போகல,” என்றார்கள்.

பூதலிங்கம் பார்த்துக்கொண்டே நின்றார். 

“பதினாறு கோரும் ஒரே நேரத்துல காலியாகணும்,” என்றார் மெல்ல. “அப்பத்தான் அது ஏற முடியும்.”

“ஆமா, சார்.”

“மத்ததுக்கும் நான் கூட்டிக் குடுத்துட்டேன். அப்போ காலியே ஆகாது.”

“ஆமா.”

“பழைய சர்வர்ல நாற்பது இருந்துது. அதனால தெரியல. இங்க வந்ததும் இடிபட ஆரம்பிச்சுது. குறை சொல்லச் சொல்ல நான் குடுத்தேன். நான் குடுக்கக் குடுக்க…”



அந்த நேரம் லீமா, போனை இன்னொருவரிடம் விட்டுவிட்டு, மூச்சிரைக்க ஓடி வந்தாள். “அக்கா, அண்ணா… அந்தப் பிள்ளை. செலின். இங்கேயேதான் வந்திருக்கு. அவசரப் பிரிவுல. இப்பதான் கொண்டுவந்தாங்களாம்.”

யாரும் டீ குடிக்கவில்லை.

ரப்பர் ஷீட் ஏற்றும் ஒரு ஜீப்பில் கொண்டுவந்திருந்தார்கள். வழியில் ஒரு சிறிய கிளினிக்கில் நிறுத்தியிருக்கிறார்கள். அது பூட்டிக் கிடந்தது. அங்கே போன நேரமும் வீண். மருத்துவமனை வாசலுக்கு வந்தபோது செலினின் மூச்சு நின்றிருந்தது. டாக்டர்கள் குழாய் செலுத்தி, இயந்திரத்தில் மூச்சு விட வைத்து, விஷமுறிவு மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பிழைப்பாளா என்று கேட்டதற்கு எவரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே பெஞ்சில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். சட்டையெல்லாம் ரப்பர் பால் கறை. ஒரு காலில் மட்டும் செருப்பு. பூதலிங்கம் தயங்கிப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“உங்களுக்க ஆள் யாரும் உள்ள உண்டா?” என்று அவன் கேட்டான்.

அந்தக் குரல்.  காதுக்குள் மூச்சு விட்ட அதே குரல்.

“இல்ல,” என்றார்.

“எனக்க தங்கச்சி. அப்பனும் அம்மையும் இல்ல. நான்தான் வளத்தேன்.” அவன் பெயர் வில்சன். சொல்ல ஒருவர் கிடைத்ததும் அவன் சொல்லிக்கொண்டே போனான். “ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினேன். அந்தப் பிள்ளை தங்கமான பிள்ளை. லைன்ல இருங்க, லைன்ல இருங்கன்னு எவ்வளவு பொறுமையா சொல்லிச்சு. நான்தான் பொறுக்காம கட் பண்ணிப்போட்டேன். கொஞ்சம் பொறுத்திருந்தா வண்டி வந்திருக்கும். ஜீப்புல போட்டுக் குலுக்கிக் கொண்டுவந்து… எனக்கப் புத்தி போச்சு. அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அது நான் செஞ்சது.”

 எழுந்து போய்விடலாம் என்று பூதலிங்கத்துக்குத் தோன்றியது. அப்படிப் போயிருந்தால் அவன் வாழ்நாள் முழுக்க அதை நம்பியிருப்பான்.

“நீங்க செஞ்சது இல்ல,” என்றார்.

வில்சன் நிமிர்ந்தான்.

“நீங்க பேசும்போது நானும் லைன்ல இருந்தேன். கம்ப்யூட்டர் வேலை செய்யல. அந்தப் பொண்ணால வண்டி எங்க நிக்குதுன்னு பார்க்க முடியல. அந்தக் கம்ப்யூட்டரை நகர்த்தினது நான். ரெண்டு நாளா மெதுவா இருக்குன்னு சொன்னாங்க. நான் நம்பல.”

வில்சன் அவரையே பார்த்தான். அடிப்பான் என்று பூதலிங்கம் எதிர்பார்த்தார். அடித்தால் நல்லது என்றுகூட நினைத்தார்.

“வண்டி எங்க நின்னுது?”

பூதலிங்கத்தால் பொய் சொல்ல முடியவில்லை. “குருசடி முக்குல.”

  வில்சன் பெஞ்சிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்தான். முழங்காலில் தலையை வைத்துக்கொண்டான். பூதலிங்கமும் தரையில் உட்கார்ந்தார்.  மாலையில் லீமா வேலை முடிந்து வந்து இருவருக்கும் நடுவே ஒரு பொட்டலம் இட்லியை வைத்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை செலின் தானாக மூச்சு விட்டாள். சனிக்கிழமை அண்ணனைப் பார்த்து, அவனுடைய இன்னொரு செருப்பு எங்கே என்று கேட்டாள். கடிபட்ட காலில் சதை அழுகியிருந்தது. அதை வெட்டி எடுத்தார்கள். கால் தப்பியது. நடக்க நாளாகும், பால் வெட்ட இன்னும் நாளாகும் என்றார் டாக்டர். வில்சன் பூதலிங்கத்தை அதன்பிறகும் வராந்தாவில் பார்த்தான். ஒரு நாள் தலையசைத்தான். ஒரு நாள் அசைக்காமல் போனான்.

நடந்ததை அப்படியே எழுதி பூதலிங்கம் மருத்துவமனை நிர்வாகத்திடம் கொடுத்தார். நகர்த்தியவர் தானென்றும், கேட்காதவரும் தானென்றும் எழுதினார். ஹெப்சிபா அதன் கீழே, தனியாக விட்டுவிட்டுப் போனது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பூதலிங்கம் அதைப் பார்த்ததும் பதறினார். ஹெப்சிபா தாளைத் திருப்பித் தரவில்லை.

திங்கட்கிழமை இருவரும் கணினி அறையில் இருந்தார்கள். காத்து நின்ற நேரத்தைக் காட்டும் அந்த எண் இப்போது சுவரில் பெரிதாக ஓடிக்கொண்டிருந்தது. நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. பூதலிங்கம் வேலையைப் பார்க்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மேடம், ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க, சார்.”

“ஏழு நொடி நின்னுச்சு, மூணு நொடி ஓடிச்சு. நான் உள்ள போய்க் கேட்டப்போ, நான் சும்மாதான் இருக்கேன், எனக்கு ஒரு கஷ்டமும் இல்லன்னு சொல்லிச்சு. அது ஏன் பொய் சொல்லிச்சு?”

“பொய் சொல்லல. ஓடுற நேரத்தை மட்டும்தான் அது எண்ணும். நிக்கிறப்போ எண்ணுறதும் நின்னு போகுதே.”

“அப்போ அந்த ஏழு நொடி?”

“அதுக்கு அப்படி ஒண்ணு நடக்கவே இல்ல, சார்.”

 அறையில் சர்வரின் விசிறிகள் இரைந்தன.

“தான் நிக்கிறோம்னு அது தானா தெரிஞ்சுக்க வழியே கிடையாதா?”

“கிடையாது.”

தாழ்ந்த குரலில் அவர் மறுபடி கேட்டார்.

“மனுஷனுக்குமா, மேடம்?”

ஹெப்சிபா திரையிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை.

“மனுஷன்கிட்ட வந்து சொல்ல ஆள் இருக்கு, சார்,” என்றார். “லீமா ரெண்டு நாளா சொன்னா.”